கலப்பத்து அடித்த சன்னல்

சன்னல் கதவு முழுக்க ஈ மொய்த்துக் கிடந்தது, நடுவில் ஓரிடம் மட்டும் விட்டு. ஓர் ஆளின் முகம் அகலத்துக்கு அங்கே பலகை வெறுமையாகத் தெரிந்தது. சீனித்தாய் இடுப்புக் குடத்தை இறக்காமலே நின்று பார்த்தாள். முந்தானையை வீசி விரட்டினாள். இரைச்சலோடு எழும்பிய கூட்டம் அவள் மூக்கிலும் உதட்டிலும் உரசிவிட்டுத் திரும்பவும் பலகையில் போய் அப்பியது. அந்த முக அகலத்தில் மட்டும் ஒன்றுகூட உட்காரவில்லை.

"என்னளா, ஈயை எண்ணிக்கிட்டு நிக்கியா?" என்று கேட்டபடி சந்துக்குள் வந்தார் வீட்டுச் சொந்தக்காரர் வன்னியபெருமாள் அண்ணாச்சி. பின்னால் காசிலிங்கம் ஆசாரி பட்டை இரும்புகளைத் தோளில் சுமந்துகொண்டு, மூக்கைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தார்.

கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்ட செய்தி வந்த வாரம் அது. அடுத்து தூத்துக்குடித் துறைமுகந்தான் என்று ஊருக்குள் பேச்சு. வண்டி கிடைத்தவன் வண்டியிலும் கிடைக்காதவன் நடந்துமாக, பாதி ஊர் பெட்டி படுக்கையோடு மேற்கே கிளம்பிவிட்டது. அண்ணாச்சியும் பெண்டாட்டி பிள்ளைகளை ஸ்ரீவைகுண்டத்துக்கு அனுப்பிவிட்டார். ஆளில்லாத வீடு கள்ளனுக்கு மாமியார் வீடு. ஒரே வாரத்தில் அந்தத் தெருவில் நாலு வீட்டுச் சன்னலைப் பெயர்த்திருந்தார்கள்.

அண்ணாச்சி ஊரை விட்டு நகராததற்குக் காரணம் அந்தச் சன்னலுக்குப் பின்னால் இருந்தது. முத்துக்குளிப்பு நின்றுபோய்ப் பல வருடம். கடலடியில் சிப்பி விளைகிற பாரில் கை வைத்தால் சர்க்கார் பிடித்து உள்ளே போட்டுவிடும். கடற்கரைக் காவல்காரர்கள் குண்டுக்குப் பயந்து ஒதுங்கியிருந்த நேரம் பார்த்து, சங்கு குளிக்கிறவர்களை வைத்து ஒரு வள்ளம் நிறையச் சிப்பியை இரவோடு இரவாக அள்ளிவந்துவிட்டார். சிப்பியைக் கரையில் போட்டு அழுகவிட வழியில்லை. அதனால் வீட்டின் பின்னறையில் இடுப்பளவு குவித்துக் கதவைப் பூட்டிவிட்டார். பத்து நாள். அதற்குள் சதை அழுகி, புழு வைத்து, புழு தின்று, கூழாக இறங்கும். பிறகு தண்ணீர் விட்டு அலசினால் அடியில் முத்து. முன்னால் திறந்து கிளறினால் அரைகுறைச் சதையோடு முத்தும் போய்விடும்.

சிப்பி கொண்டுவந்து இது மூன்றாவது நாள். பங்குனி வெயிலில் அது செத்து வாய் பிளந்து நாறத் தொடங்கியிருந்தது. மூக்கில் நுழைகிற நாற்றம் இல்லை. தொண்டையில் கோழையாகப் போய் ஒட்டிக்கொள்கிற நாற்றம்.

"உள்ள பொணத்தையா போட்டு வச்சிருக்கிய?" என்றார் ஆசாரி.

"சங்குச் சதை வே. வெளிய போட்டா காக்கா தூக்கிட்டுப் போகுது."

"கொக்கி கழண்டு தொங்குதே. கதவைத் தொறங்க, உள்பக்கமா ரெண்டு முளை அடிச்சிருதேன்."

"தொறக்காதயும். அடைச்ச அறை, திடீர்னு மூஞ்சியில அடிச்சா ஆளையே சாய்ச்சிரும். வெளிய இருந்தே அடியும். வெளிய இருந்து வாரவனுக்குத்தான இரும்பு?"

ஆசாரி பட்டைகளைச் சன்னல் கதவின் மேல் குறுக்காக வைத்து, இரண்டு பக்கமும் நிலைக்கட்டையில் ஆணி இறக்கினார். ஐந்து பட்டை. ஒவ்வொரு ஆணிக்கும் பலகை அதிர்ந்தது. சீனித்தாய் ஆணியை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது பட்டையின்போது, ஆசாரி சுத்தியலை ஓங்காத ஒரு நொடியில், பலகை தானாக ஒருதரம் அதிர்ந்ததுபோல் இருந்தது அவளுக்கு. ஆசாரியைப் பார்த்தாள். அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார்.

சீனித்தாயும் அவள் புருஷனும் அந்த வீட்டின் பின்புறக் கொட்டகையில் குடியிருந்தார்கள். அவள் உப்பளத்தில் உப்பு வாரிப் பாதம் வெடித்தவள். அவன் சங்குக்குளி வள்ளத்தில் கயிறு பிடிக்கிறவன். நெஞ்செலும்பை எண்ணிவிடலாம், அவ்வளவு ஒல்லி. சிப்பி அள்ளிய வள்ளத்திலும் அவன்தான் கயிறு பிடித்தான். குளிக்கிறவனுக்கும் கயிற்றுக்காரனுக்கும் சிப்பியில் பங்கு என்பது காலங்காலமான வழக்கம். கரைக்கு வந்ததும் அவன் பங்கைக் கேட்டான்.

"சர்க்கார் நடத்துனா பங்கு. இது களவுலே. களவுக்கு ஏதுல பங்கு?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார் அண்ணாச்சி.

நேற்று இருட்டியதும் அவன் கிளம்பினான். "தருவைகுளத்துல ஒரு வள்ளக்காரனைப் பாக்கணும். நாளைக்கு ராத்திரிக்குள்ள வந்துருவேன். வந்ததும் போயிருவோம். ஆத்துப் பக்கம் அறுப்பு நடக்கு, ரெண்டு பேருக்கும் கஞ்சிக்குப் பஞ்சமில்ல. நீ சட்டிபானையைக் கட்டி வை" என்றான். அவள் கட்டி வைத்துவிட்டாள். ஒரே மூட்டை. அவன் வந்தால் போதும். இந்த நாற்றத்தையும் குண்டையும் அண்ணாச்சியையும் விட்டுவிட்டு நடக்கத் தொடங்கிவிடலாம்.

அன்று ராத்திரி பின்னறைக் கதவின் குறுக்கே அவளைப் படுத்துக்கொள்ளச் சொன்னார் அண்ணாச்சி. பூட்டின் சாவி அவர் அரைஞாண் கயிற்றில். அவர் முன்கட்டில் அரிவாளைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு குறட்டை விட்டார். வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது என்று சர்க்கார் உத்தரவு, ஆகவே விளக்கும் இல்லை. கதவின் அடியிலிருந்து வெதுவெதுப்பாக வந்த காற்று அவள் பிடரியில் பட்டு, வியர்வையோடு சேர்ந்து முதுகில் வழிகிறதுபோல் இருந்தது. உள்ளே சிப்பிக் குவியல் அழுகி இறங்க இறங்க ஓடுகள் ஒன்றின்மேல் ஒன்று சரிந்து கிளிக் கிளிக் என்றன. அதற்கு அவள் காது பழகிவிட்டது. அப்புறந்தான் அது கேட்டது. சன்னல் பக்கம். நகத்தால் பலகையைப் பிறாண்டுகிற சத்தம்.

கள்ளன். எழுந்து உட்கார்ந்தாள்.

"சீனி."

மூச்சுக்காற்றில் சொன்னதுபோல. அவளைச் சீனி என்று கூப்பிடுகிறவன் உலகத்தில் ஒருவன்தான். "இந்தா" என்று வாய்வரை வந்துவிட்டது. கையால் பொத்திக்கொண்டாள்.

ராத்திரியில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாம் கூப்பாட்டுக்குத்தான் வாய் திறக்க வேண்டும். காத்துக் கறுப்புக்கு இரண்டு தரத்துக்கு மேல் கூப்பிட வராது. கூப்பிடுவதும் நமக்கு வேண்டியவர்கள் குரலில்தான் கூப்பிடும். உப்பளத்தில் அவளோடு வேலை பார்த்த ஒருத்தி செத்துப்போன தாயின் குரலுக்கு முதல் கூப்பாட்டிலேயே "என்னம்மா" என்றாள். மூன்றாம் நாள் ரத்தம் கக்கினாள். சீனித்தாய் தன் கண்ணால் பார்த்தது அது.

"சீனி…"

இப்போது இன்னும் மெதுவாக. தருவைகுளத்துக்குப் போனவன் சுவருக்குள்ளிருந்தா கூப்பிடுவான்? பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவதுக்குக் காத்திருந்தாள். ஓடுகள் சரிந்தன. துறைமுகத்தில் எதுவோ சங்கு ஊதி அடங்கியது. மூன்றாவது வரவில்லை.

தப்பித்தோம் என்று படுத்துக்கொண்டாள்.

காலையில் பிறாண்டல் சத்தத்தை மட்டும் அண்ணாச்சியிடம் சொன்னாள். அவர் சந்துக்கு ஓடிப்போய்ப் பார்த்தார். ஐந்து பட்டையும் அசையவில்லை. ஆனால் இரண்டு கதவும் சேருகிற நடு இடுக்கில் ஈரமாக ஏதோ கசிந்திருந்தது.

"கம்பியை விட்டு நோண்டியிருக்கான். இந்த இடுக்கு வழியா நாத்தமும் தெருவுக்குப் போகுது. ஏளா, நீ வள்ளத்துக்குத் தார் சுமந்தவதான? வள்ளத்துக்கு அடிக்கிற மாதிரி கலப்பத்து அடிச்சிரு. காத்துகூட நுழையப்பிடாது."

கடலில் தண்ணீர் புகாமல் இருக்க வள்ளத்தின் பலகை இடுக்குகளில் கயிற்றுப் பிசிறைத் திணித்து, மழுங்கின உளியால் அடித்து இறக்கி, மேலே தாரைக் காய்ச்சி ஊற்றுவது கலப்பத்து. கடல்கரையில் அது தெரியாத கை கிடையாது. வீட்டுச் சன்னலுக்கு அதை அடித்தவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். பட்டைகளுக்கு நடுவே உளியை விட்டுக் கீழிருந்து மேலாகத் திணித்துக்கொண்டு போனாள். நெஞ்சு உயரத்தில் ஒரு பிடி பிசிறைத் திணித்ததும் அது வெளியே வந்து விழுந்தது. மறுபடி திணித்தாள். மறுபடி தள்ளிக்கொண்டு வந்தது. மரம் ஊறிப் புடைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, உளியை வைத்து ஓங்கி ஓர் அடி கொடுத்தாள். உளி முனை உள்ளே எதிலோ மெத்தென்று இறங்கியது. சிப்பிச் சதை சன்னல் உயரத்துக்கா இருக்கும்? உளியை உருவினாள். முனையில் கோழைபோல் ஒட்டியிருந்தது. சேலையில் துடைத்துவிட்டு மேலும் இரண்டு அடி அடித்தாள். அப்புறம் பிசிறு வெளியே வரவில்லை. கொதிக்கிற தாரை ஊற்றினாள்.

அன்று ராத்திரியும் அவன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூட்டை கட்டியபடி கிடந்தது.

ஐந்தாம் நாள் கதவுக்கு அடியிலிருந்து புழு வரத் தொடங்கியது. அரிசி நீளம், அரிசி நிறம். ஒன்றிரண்டாக வந்தது, அப்புறம் வரிசையாக, அப்புறம் கொதிக்கிற கஞ்சி வழிகிறதுபோல. சாம்பலைக் கொட்டிக் கூட்டினாள். துடைப்பத்தில் ஏறியது, விரல் இடுக்கில் ஏறியது. சோற்றைப் பிசையும்போது எது சோறு என்று கண் தடுமாறியது. குடித்த தண்ணீரும் அழுகல் வாடை அடித்தது. தலைமுடியை மோந்தால் அதே. உள்ளங்கையை மோந்தால் அதே. அண்ணாச்சி அவள் எதிரில் உட்கார்ந்து மீன் குழம்பை உறிஞ்சி, முள்ளைச் சப்பித் துப்பினார்.

"முகத்தைச் சுளிக்காத. புழு வந்தாத்தான் முத்து கழலும். அதுக அண்ணாச்சிக்குச் சம்பளமில்லாத கூலியாளுக."

ராத்திரிதோறும் சன்னல் பக்கம் சத்தம் கேட்டது. பிறாண்டல் போய், இப்போது ஈரத் துணியால் அறைகிறதுபோல. ஒன்று. நெடுநேரம் கழித்து இன்னொன்று. கள்ளன் சந்தில் நிற்கிறானா என்று இரண்டு தரம் கொல்லை வழியே போய் எட்டிப் பார்த்தாள். சந்தில் நிலா வெளிச்சம் மட்டும் கிடந்தது. அறைகிற சத்தம் ஓயவில்லை.

பகலில் ஈக்கள் சந்துச் சுவர் முழுக்கப் படர்ந்தன. அந்த வெறுமை மட்டும் சன்னல் கதவில் இடம் மாறிக்கொண்டிருந்தது. அவள் வாசல் பக்கம் நின்றால் அந்த ஓரத்தில். கொல்லைப் பக்கம் போனால் இந்த ஓரத்தில்.

எட்டாம் நாள் காலையில் தருவைகுளத்து ஜேசுபாதம் மீன் கூடையோடு வந்தார். அவர் கேட்பதற்கு முன்னால் இவள் கேட்டாள், புருஷனைப் பார்த்தீர்களா என்று.

"ஆவுடையப்பனா? அவன் அங்கன வரவே இல்லையே தாயி. நான்தான பழைய கூலி பாக்கியைத் தாரேன்னு சொல்லியிருந்தேன். வராம இருந்ததும், இங்கன சோலி கிடைச்சிட்டு போலன்னு நினைச்சேன்."

அவள் மீனைப் பார்த்தாள். செத்த மீனின் கண்ணைப் பார்த்தாள். கழன்று தொங்கிய கொக்கி. ஆணிக்கு முன்னால் அதிர்ந்த பலகை. பிசிறைத் திரும்பத் திரும்ப வெளியே தள்ளிய எதுவோ. உளியில் ஒட்டிய கோழை. சேலையில் அந்தக் கறை இன்னும் இருந்தது. அவள் சந்திலேயே குத்தவைத்து, குடலில் ஒன்றும் மிச்சமில்லாமல் கக்கினாள்.

அண்ணாச்சி ஊருக்குள் போயிருந்தார். சாவியும் அவரோடு. சீனித்தாய் உளியை எடுத்து, தான் அடித்த கலப்பத்தைத் தானே தோண்டினாள். தார் கல்லாக இறுகியிருந்தது. நகம் இரண்டு பிய்ந்தது. ஆசாரியின் பட்டையோ மயிரிழை அசையவில்லை. பொழுது சாயும்போது ஒரு சாண் இடுக்குத் திறந்தது. நாற்றம் பீய்ச்சியடித்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு வாயை இடுக்கில் வைத்தாள்.

"இஞ்சேருங்க… நீங்கதானா?"

உள்ளே ஓடுகள் சரிவதும் நின்றது.

தாலி ஏறிய நாளிலிருந்து அவள் அவன் பேரைச் சொன்னதில்லை. சனக்கணக்கு எடுக்க வந்தவன் கேட்டபோதுகூடப் பக்கத்து வீட்டுப் பிள்ளையை விட்டுச் சொல்ல வைத்தவள். இப்போது சொன்னாள். "ஆவுடையப்பன்." மூன்று தரம் சொன்னாள்.

இடுக்கில் மிச்சமிருந்த பிசிறு நடுங்கியது. பிறகு மெல்ல, மிக மெல்ல, யாரோ உள்ளே மூச்சை இழுக்கிறதுபோல, அது உள்பக்கமாகப் போய் மறைந்தது.

ஆறு நாள். ஆறு நாளைக்கு அந்த அறைக்குள் எந்த மனுஷன் மூச்சு விடுவான்?

அண்ணாச்சி திரும்பி வந்ததும் காலில் விழுந்தாள்.

"தொறங்க அண்ணாச்சி. உள்ள அவுக இருக்காவ."

"எவுக?"

"அவுகதான். பங்கு எடுக்க சன்னல் வழியா உள்ள போயி, நாத்தத்துல சாஞ்சிருக்காவ. நாமதான் அடைச்சிட்டோம்."

அண்ணாச்சி வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். அவர் முகத்தில் பயம் வரும் என்று பார்த்தாள். வரவில்லை. கண் சுருங்கியது. நாக்கு ஒருதரம் பல்லைத் துழாவியது.

"களவாணிப் பய" என்றார் மெதுவாக. "எத்தனையை முழுங்கினானோ."

அன்று ராத்திரி அவர் திறக்கவில்லை. விளக்கேற்ற முடியாது என்றார். அவளை விளக்கில்லாத அந்த நடையிலேயே உட்கார வைத்து, அரிவாளோடு எதிரே தானும் உட்கார்ந்துகொண்டார். சன்னல் பக்கம் அன்று ஒரு சத்தமும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. மறுநாள் உச்சி வெயிலில், தெருவில் ஆளரவம் அடங்கியபின், அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்தார்.

கதவு திறந்தது. சூடு. மூக்கு செத்துவிட்டது, ஆகவே நாற்றம் கண்ணில் எரிந்தது. அண்ணாச்சி வாசலிலேயே நெடுநேரம் காற்றைப் போகவிட்டார். பிறகு அவள் கையில் விளக்கைக் கொடுத்து முன்னால் தள்ளினார்.

குவியல் பாதியாக இறங்கியிருந்தது. தரை முழுக்கக் கணுக்கால் ஆழத்துக்குக் கறுத்த கூழ். அதன்மேல் புழு, வெள்ளையாக, ஓயாமல், கொதித்துக்கொண்டிருந்தது. மிதித்தால் நசுங்கியது. சுவரில் புழு. உத்தரத்தில் புழு. ஒன்று அவள் கழுத்தில் விழுந்து ரவிக்கைக்குள் இறங்கியது. தட்டிவிடக் கை எழவில்லை.

சன்னலடியில் அவன் இருந்தான். மண்டியிட்டு, சுவரில் சாய்ந்து, முகத்தை இடுக்குக்கு நேராக வைத்து.

அவன்மேல் ஒரு புழு இல்லை. ஓர் ஈ இல்லை. அவனைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குத் தரைகூடச் சுத்தமாக இருந்தது. அழுகவில்லை. ஊதவில்லை. நெடுநேரம் கடலில் கிடந்தவன் தோல்போல வெளுத்துச் சுருங்கி, ஈரமாக மின்னினான். வலது கையில் இரண்டு விரல் நசுங்கி எலும்பு தெரிந்தது. வாய் திறந்திருந்தது. தாடையில் தார் வழிந்து உறைந்திருந்தது. பற்களுக்கு நடுவே கயிற்றுப் பிசிறு.

அவள் கத்தவில்லை. கத்த வேண்டிய இடம் உள்ளே காலியாக இருந்தது.

"கெடல. நல்லதாப் போச்சு" என்றார் அண்ணாச்சி. வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அவன் எதிரே குந்தினார். ஒரு தேங்காய்ச் சிரட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். "விளக்கைத் தாழ்த்திப் பிடி."

தாழ்த்திப் பிடித்தாள்.

பிசிறை உருவி எறிந்தார். இரண்டு விரலை வாய்க்குள் விட்டுக் கடைவாயைத் துழாவினார். ஒன்றை எடுத்தார். அவரைக்கொட்டை அளவு, பால் நிறம். வேட்டியில் துடைத்துப் பார்த்துச் சிரட்டையில் போட்டார். டிக். இன்னொன்று. டிக்.

"பாத்தியாளா? பங்கு கேட்டவன் வாயில இருக்கிறதைப் பாத்தியா?"

நாக்குக்கு அடியில் ஒன்று. டிக். பிறகு கையை இன்னும் உள்ளே விட்டார். நாலு விரல். தொண்டைக்குள் ஏதோ விரலில் தட்டுப்பட்டிருக்க வேண்டும், முகம் மலர்ந்தது. கட்டைவிரலையும் மடக்கி உள்ளே திணித்தார். தாடை முறிகிற சத்தம் கேட்டது. தேடினார். பிடித்தார். இழுத்தார்.

கை வரவில்லை.

சிரித்தார். மறுபடி இழுத்தார். வரவில்லை. காலை அவன் நெஞ்சில் ஊன்றி இழுத்தார்.

"பிடிச்சு இழுளா. ஏளா. இழு."

அவள் அசையவில்லை. அந்த வெளிச்சத்தில் அவள் பார்த்துக்கொண்டிருந்தது புருஷனின் கழுத்தை. ஒல்லிக் கழுத்து. வெளுத்த தோலுக்குள் தொண்டைக்குழி.

அது ஏறியது. இறங்கியது.

விழுங்கியது.

அண்ணாச்சி அலறினார். மணிக்கட்டு உள்ளே போயிருந்தது. கழுத்து மறுபடி ஏறி, மறுபடி இறங்கியது, அவசரமில்லாமல், பசித்தவன் கஞ்சி குடிக்கிறதுபோல. முழங்கை. சிரட்டை உருண்டது. கூழுக்குள் முத்துகள் மூழ்கின. அவர் மறு கையால் சுவரைப் பிறாண்டினார்.

கண் திறந்திருந்தது. அண்ணாச்சியைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தது.

சீனித்தாய் விளக்கைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.